பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை: கைடோடு ஒரு நாள், முழு விவரம்

ராமநாதபுரம் கடற்கரைக்கு மலை கிடையாது. ராமேஸ்வரம் தீவில் மிக உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், நேரில் பார்த்தால் மணல்மேடு. இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஆறு பாயும் மலையிடுக்கைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு திசைக்குத்தான் வண்டி ஏற வேண்டும். இங்கே இருப்பது அதற்குத் தலைகீழ்: இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டே போய், அரிச்சல்முனையில் ஒன்றுமில்லாமல் முடிந்துவிடுகிற மணல். மலையிடுக்கில் இடம் தெரிந்த ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பார்கள். இந்த மணலுக்கும் அது பொருந்தும். தார்ச்சாலை வந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் வண்டியில் போய் முனையில் படம் எடுத்துத் திரும்பலாம். அப்படிப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வெயிலையும் கூட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் நாளைத் தீர்மானிப்பது காற்று. எந்த மாதம் வருவது, எத்தனை மணிக்கு எங்கே இருப்பது, படகு ஏறலாமா கூடாதா, எல்லாமே அதைப் பொறுத்துத்தான். நல்ல கைடு என்றால் அந்தக் காற்றைப் படிக்கத் தெரிந்த ஆள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

தீவுக்கு வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. ஆண்கடலில் அலை வந்து மோதும். முனையில் நின்றால் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம் என்று வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் இந்தக் குணம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கும் தென்மேற்குமாகக் கச்சான் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், தனுஷ்கோடி சாலையில் மணல் பறந்து வந்து முகத்தில் குத்தும், சில இடங்களில் சாலை மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை. மழையும் புயலும் அந்தக் காலத்தில்தான், சாதுவான வடகடலும் அப்போது புரண்டு எழும். வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். செய்தியில் அதைக் கேட்டால் படகுப் பயணத்தை மறந்துவிடலாம். 1ஆம் எண் கூண்டு என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்காக "தூரத்துலதானே இருக்கு" என்று கிளம்பி வரக் கூடாது. படகுக்காரர்கள் கடலில் இறங்க மாட்டார்கள், நீங்களும் கரையில் உட்கார்ந்து மழை பார்க்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை. காற்று தணிந்திருக்கும், வெயில் தாங்கும், பூநாரைகளும் (ஃபிளமிங்கோ பறவைகள்) அப்போதுதான் இருக்கும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், விசைப்படகுகள் போகாது, அதனால் மீன் விலை ஏறிக் கிடக்கும். எந்த மாதமானாலும் ஆடி, மகாளய, தை அமாவாசைகளை ஒட்டி வராதீர்கள். அக்னி தீர்த்தத்துக்கு வரும் ஜனத்தில் தீவுக்குள் வண்டி நகராது.

இரண்டாம் படி: கைடு யார்?

"கைடு" என்று பலகை மாட்டிக்கொண்டு யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று வகை ஆட்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒன்று, ஆட்டோ, வேன் ஓட்டுகிறவர்கள். இரண்டாவது, பாம்பன், தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர்கள். மூன்றாவது, வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகுகளில் வரும் உள்ளூர் ஆட்கள்.

முதல் வகையில்தான் பெரிய ஏற்றத்தாழ்வு. கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் "சார், தனுஷ்கோடி, கலாம் வீடு, பாம்பன், எல்லாம் சேர்த்து..." என்று வருகிறவர்களில் நல்லவர்களும் உண்டு, சிப்பிக்கடைக் கமிஷனுக்காக ஓட்டுகிறவர்களும் உண்டு. என் சம்பந்தி வீட்டார் ஒருமுறை அப்படி ஏறி, முனையில் கால் மணி நேரம், சங்குக்கடையில் முக்கால் மணி நேரம் என்று சுற்றிவந்தார்கள்.

ஆளை எடைபோட எளிய வழி இருக்கிறது. விலை பேசும் முன், "இன்னைக்குக் காத்து எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், ஏறுங்க" என்பவரை விட்டுவிடுங்கள். "காலைல தணிவாத்தான் இருக்குண்ணே. பத்து மணிக்கு மேல தூக்கிரும். போட்டு ஏறணும்னா அதுக்கு முந்தியே முடிச்சிரணும்" என்று ஒருவர் சொன்னால் அவரை விடாதீர்கள். அவர் வீட்டில் யாரோ கடலுக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். 2017இல் அரிச்சல்முனைச் சாலை திறப்பதற்கு முன்னால், பழைய சாலை முடிந்த முகுந்தராயர் சத்திரம் என்ற ஊரிலிருந்து மீன் ஏற்றும் வேன்களில்தான் மணலையும் தண்ணீரையும் கடந்து போக வேண்டும். அந்த வேன்களை ஓட்டியவர்கள் இப்போதும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு மேடும் மனப்பாடம், பேச்சும் நன்றாக இருக்கும்.

மீனவர் துணை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். யாராவது "மணல்திட்டு வரைக்கும் படகுல கூட்டிட்டுப் போறேன், சேது பாலத்தையே காட்டுறேன்" என்று ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவே சர்வதேச எல்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிற தண்ணீர் அது. பிடித்தால் உங்களுக்கு ஒரு நாள் போகும், படகுக்காரருக்குப் பிழைப்பே போகும்.

மூன்றாம் படி: பேசி முடிக்கும்போது

முந்தின நாள் மாலையே பேசிவிடுங்கள். ஆள் கணக்கா, வண்டி கணக்கா, மணிக் கணக்கா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காத்திருப்பு, பார்க்கிங் அதில் அடக்கமா என்று கேளுங்கள். படகுக் கட்டணம் எப்போதும் தனிதான், அதை வனத்துறைக் கவுன்ட்டரில் நீங்களே கட்டி ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. மறுநாள் படகு ஓடுமா என்பதையும் முந்தின நாளே விசாரித்துவைக்க வேண்டும். காற்றைப் பொறுத்துக் காலையில் மாறவும் மாறலாம்.

அப்புறம், வரிசையை நீங்கள் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிக்காரர்கள் காலையில் கோயில், மதியம் தனுஷ்கோடி, மாலை பாலம் என்றுதான் பழகியிருக்கிறார்கள். மதியம் தனுஷ்கோடியில் நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. "விடியக்காலைல முனை, வெயில் ஏறுறதுக்கு முந்தி படகு, மத்தியானம் கூரைக்குக் கீழ, சாயங்காலம் பாம்பன்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொந்தக்காரர்களை அழைத்துப் போகும்போது இந்த வரிசைதான்.

கோயிலை இந்த நாளில் சேர்க்காதீர்கள். 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, மூன்றாம் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே அரைகுறை.

நான்காம் படி: பையில் என்ன

குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது, திரும்ப நிரப்பிக்கொள்ளும் பாட்டிலில். தலைக்குத் தொப்பியைவிடத் துண்டு நல்லது. தொப்பி பறந்துவிடும், துண்டைக் கட்டிக்கொள்ளலாம். கண்ணாடி போடுகிறவர்கள் துடைக்க ஒரு துணி, உப்புக்காற்றில் அரை மணிக்கு ஒருமுறை மங்கிவிடும். படகுக்குப் போகிறவர்களுக்கு நனைந்தாலும் கவலையில்லாத, பின்னால் வார் உள்ள செருப்பு. பவளப்பாறைத் துண்டு காலைக் கிழித்தால் சீக்கிரம் ஆறாது. மாற்று உடை ஒன்று. மொபைலுக்குத் தண்ணீர் புகாத உறை.

முனைப்பக்கம் மொபைல் சிலசமயம் இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். டிரோன் கொண்டுவர வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, தீவு முழுக்கக் கண்காணிப்புப் பகுதி. கல்யாண வீடியோ எடுக்க வந்தோம் என்று சொன்னாலும் எடுபடாது.

கழிவறை வேலையை ராமேஸ்வரத்திலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களும் பெண்களும் வரும் குழு என்றால் இதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விடியலில் அரிச்சல்முனை

ராமேஸ்வரத்திலிருந்து முனை சுமார் 20 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து நேராக வருகிறவர்கள் அதோடு இன்னொரு 55 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொண்டு, விடிய வெகுநேரம் முன்பே கிளம்ப வேண்டும். முடிந்தால் முந்தின இரவே ராமேஸ்வரத்தில் தங்குங்கள். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலை ஒரே நேர்கோடு, இரண்டு பக்கமும் கடல். இருட்டில் அந்தச் சாலைக்குள் பொதுமக்களை விட மாட்டார்கள், மாலையிலும் இருட்டும் முன்பே காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். காலையில் தடுப்பு திறந்ததும் உள்ளே போகிற முதல் சில வண்டிகளில் ஒன்றாக இருக்கப் பாருங்கள்.

முனையில் அசோகச் சின்னம் வைத்த தூணைச் சுற்றிச் சாலை முடியும். இறங்கி மணலில் நடந்தால் இரண்டு கடலும் சேரும் இடம். குளிக்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து "சும்மா எழுதி வெச்சிருக்காங்க" என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டு பக்கத்து நீரோட்டமும் சந்திக்கிற இடத்தில் மணல் அடியிலேயே இடம் மாறிக்கொண்டிருக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆள் ஆழம் இருக்கும். நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை. கால் நனைப்பதானால் வடக்குப் பக்கமாக, கைடு காட்டும் இடத்தில், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு.

சூரியன் வந்து அரை மணி நேரம் இருந்தால் போதும். அதற்குள் செல்பி கூட்டம் வந்துவிடும், நீங்கள் கிளம்பிவிடலாம்.

ஆறாம் படி: தனுஷ்கோடி இடிபாடுகள்

முழுப் பயணத்திலும் கைடு இருந்தே ஆக வேண்டிய இடம் இதுதான். தனியாகப் போனால் நான்கு சுவர் தெரியும். சொல்ல ஆள் இருந்தால் ஒரு ஊர் தெரியும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயில் ரயிலில் இங்கே வந்து இறங்கி, துறையில் நின்ற நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயில் பிடிப்பார்கள். இர்வின், கோஷன் என்று கப்பல்களின் பெயரை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, நிலையத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் பல கண்கள் (தூணுக்குத் தூண் நீளும் துண்டுகள்) விழுந்தன. அதை 46 நாளில் நிமிர்த்திய குழுவுக்குப் பொறுப்பாக இருந்த இளம் பொறியாளர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன். தனுஷ்கோடி மட்டும் எழவில்லை. மக்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளக்கல். அறுபது வருஷ உப்புக்காற்றில் மேல்பூச்சு உதிர்ந்து, உள்ளே சிறு சிறு ஓட்டையாய்த் தேன்கூட்டு வரிசை தெரியும். கையால் தடவிப் பார்க்கலாம் என்று தோன்றும். தடவ வேண்டாம், பொடிப்பொடியாக உதிர்கிறது. சுவர் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இடிந்து தலையில் விழும் என்ற பயம்கூட இல்லை. அது போக, அங்கே செத்தவர்களுடைய பேரன் பேத்திகள்தான் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆம், ஆள் வாழத் தகுதியில்லை என்று சொன்ன இடத்தில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. எப்படி என்று கைடிடம் கேட்டு, ஊற்றைக் காட்டச் சொல்லுங்கள். கடல் அலை காதில் விழும் தூரத்தில் மணலில் இரண்டு மூன்று அடி தோண்டியிருப்பார்கள். அடியில் தெளிந்த தண்ணீர் மெல்ல ஊறி நிற்கும். ஒரு அம்மா சிரட்டையால் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார். வாயில் விட்டால் உப்பே இருக்காது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே தனியாகத் தங்கி நிற்கிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து இறைத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். "மெதுவா அள்ளுனாத்தான் தம்பி நல்ல தண்ணி" என்று அந்த அம்மாவே சொல்வார். குடிக்கக் கேட்டால் கொடுப்பார்கள். கை கழுவக் கேட்காதீர்கள்.

பசித்தால் இங்கேயே பொரித்த மீன் கிடைக்கும். மசாலா தடவித் தட்டில் அடுக்கியிருப்பதில் நீங்கள் கை காட்டியதை எடுத்துக் கல்லில் போடுவார்கள். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள், சிவப்பாக இருந்தால் வாங்கலாம். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், விவரம் தெரிந்த ஆள் என்று மரியாதைதான் கூடும்.

சங்கு, சிப்பி மாலை வாங்குவது உங்கள் இஷ்டம். பவளத்துண்டு, உலர்த்திய கடல்குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுத்துப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பொருட்கள் அவை. மண்டபம் சோதனையில் மாட்டினால் "தெரியாது" என்ற பதில் செல்லாது.

ஏழாம் படி: திரும்பும் வழியில்

ராமேஸ்வரம் பக்கமாகத் திரும்பும்போது சாலையிலிருந்து பிரிந்து போனால் கோதண்டராமர் கோயில். விபீஷணன் ராமரிடம் அடைக்கலம் புகுந்த இடமாகச் சொல்வார்கள். 1964 புயலில் சுற்றியிருந்ததெல்லாம் போக, இது நின்றது. கால் மணி நேரம் போதும்.

அந்தச் சாலையின் இருபுறமும் இருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பை மாசி, பங்குனியில் கவனமாகப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைக்கோடு மாதிரித் தெரிவது பூநாரைக் கூட்டமாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2025இல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் சாலையோரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. சிலர் சேற்றில் இறங்கிக் கையைத் தட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பார்கள். உங்கள் கைடே அப்படிச் செய்யக் கிளம்பினால் தடுங்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை வீணாக எழுப்பினால் அது தின்றதெல்லாம் அந்தப் பறத்தலுக்கே போய்விடும்.

அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகளும் கரையேறி முட்டையிடும். மணலில் வேலி போட்ட சதுரங்களைப் பார்த்தால் அது வனத்துறையின் பொரிப்பகம். தள்ளி நின்று பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: குந்துகால் படகு

ஒன்பது, ஒன்பதரைக்குள் குந்துகால் வந்துவிடுங்கள். பாம்பனுக்குத் தெற்கே, தீவின் மேற்கு ஓரம். 1897 ஜனவரி 26 அன்று கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் கரையேறிய இடம் இது. அவரை வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி மன்னர். நினைவு இல்லம் கரையிலேயே இருக்கிறது, படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எதிரே தெரிவது குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டம். அதில் கீழக்கரைக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் கூட்டத்து விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் பவளப்பாறையை வெட்டிக் குவித்தார்கள், தீவைக் காத்துநின்ற அரண் போனது, தீவும் போனது. தனுஷ்கோடித் தேவாலயத்தில் பார்த்த அந்தக் கல்தான். இந்தத் தீவுகளில் அனுமதியில்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வனத்துறை ஏற்பாட்டில் போவதுதான் ஒரே வழி.

லைஃப் ஜாக்கெட்டைக் கொடுப்பார்கள், கொக்கி எல்லாவற்றையும் மாட்டுங்கள். வேர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் ஆட்கள் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் சித்தப்பாக்கள். படகில் நிற்கக் கூடாது, ஒரே பக்கம் எல்லோரும் சாயக் கூடாது. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் அடியில் பவளப்பாறையும் கடல்புல்லும் தெரியும். கலங்கியிருந்தால் தெரியாது, அதற்குப் படகுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்தின ராத்திரி அடித்த காற்றைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பவளம் கல் இல்லை, உயிர். கடல் சூடானால் வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. மிதித்தால் உடைந்துவிடும், மறுபடி வளர வருஷக் கணக்காகும். இந்தப் பக்கம் கழுத்தளவுத் தண்ணீரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்க நேரிடலாம். அவர்கள் வேலை நேரம் அது, கூட்டமாகச் சூழ்ந்து படம் எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். இரண்டு இட்லி போதும். பூரிக்கிழங்கு வேண்டாம்.

ஒன்பதாம் படி: மதியம்

பதினொன்றரைக்கு மேல் வெயிலில் நிற்பதில் அர்த்தமில்லை. பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது, 2017 ஜூலை 27இல் திறந்தது. உள்ளே கூரை உண்டு, நிழல் உண்டு, பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய உண்டு. அவர் பிறந்த வீடு ஊருக்குள் மசூதித் தெருவில். சந்து குறுகல், வண்டி போகாது.

சாப்பாடு: கோயிலைச் சுற்றி சைவம்தான். மீன் சாப்பாட்டுக்குத் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வாருங்கள். விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. "போட்டு என்னைக்கு வந்துச்சு?" என்று கைடிடம் கேட்டு, கரை வந்த நாளானால் நண்டும் கணவாயும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதநீர்க் காலமானால் வழியில் பனங்காட்டு ஓரம் விற்பார்கள். வெயில் ஏறுமுன் குடித்தால்தான் அது பதநீர், மதியத்துக்கு மேல் புளித்துவிடும். வீட்டுக்கு வாங்கிப்போகக் கருப்பட்டி, தொதல் என்கிற கீழக்கரை இனிப்பு. இரண்டும் வாரக்கணக்கில் கெடாது.

பத்தாம் படி: மாலையில் பாம்பன்

நாலரைக்குக் கந்தமாதன பர்வதம் ஏறி ராமர் பாதம் பார்த்துவிட்டு, தீவு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் நின்ற முனை எந்தத் திசை என்று கைடைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நேராகப் பாம்பன்.

எல்லோரும் சாலைப் பாலத்தின் மேலே வண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். 1988 அக்டோபர் 2இல் திறந்த பாலம் அது, அதுவரை தீவுக்கு ரயில்தான் கதி. இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, நடுவே பேருந்துகள் ஹாரன் அடிக்க, சிறுபிள்ளைகள் குறுக்கே ஓட, எனக்கு அங்கே நிற்கவே பிடிக்காது. கீழே பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரையிலிருந்து பாருங்கள். கால்வாய், படகுகள், ரயில் பாலம் எல்லாம் கண் மட்டத்தில் இருக்கும், வெயிலும் மேற்கிலிருந்து சாய்வாக விழும்.

பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. நடுக்கண் இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழும், ஆட்கள் கைநெம்புகோலைச் சுற்றித்தான் திறப்பார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. அதன் நடுக்கண் 72.5 மீட்டர் நீளம். பிரியாது, முழுத் துண்டாக அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக ஏறும், மோட்டாரில். கப்பல் வரும் நாள் தெரிந்தால்தான் அது ஏறுவதைப் பார்க்கக் கிடைக்கும், கைடு துறைமுகப் பக்கம் ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்வார். ரயில் போகும் நேரத்தை நீங்களே அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால்வாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். ஆறு மாதிரி இழுக்கும். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. பாறை நிறைந்த வழி என்பதால், இடம் தெரிந்த ஆள் இல்லாமல் வெளியூர்ப் படகுக்காரர்கள் இதற்குள் நுழைய மாட்டார்கள்.

படகு ரத்தானால்

தென்கடல் புரண்டால் குந்துகால் கிடையாது. அதற்காக நாளை வீணாக்க வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு இருக்கிறது. வடகடல் பக்கம், அலையாத்திக் காட்டுக்குள் படகு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். கயாக் உண்டு, முன்னாலேயே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் இறாலும் உண்டு. தீவிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் முனையையும் இதையும் சேர்ப்பது பேராசை, இரண்டாவது நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபுறமும் மரம் நெருங்கிவரும் வாய்க்காலில் படகுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பை ஊன்றுவார். சேற்றிலிருந்து பென்சில் குத்திவைத்தது போல வேர்கள் மேல்நோக்கி நிற்கும், மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாக. ஒரு இலையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொல்வார். விரலில் நறநறவென்று ஒட்டும். நக்கிப் பார்த்தால் உப்பு. வேர் வழியாக உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத் தள்ளிவிடுகிறது. இலையைப் பறிக்க வேண்டாம், தடவினாலே போதும்.

வாடைக் காலத்தில் இங்கேயும் படகு நிற்கலாம். அப்போது சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களில் பறவை பார்க்கலாம், கண்மாய் நிறைந்திருக்கும் பருவம் அதுதான்.

பணம்

முனைப்பக்கம் சிக்னல் வந்துவந்து போவதால் ஜிபேயை நம்பி மீன் சாப்பிட உட்காராதீர்கள். பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கைடுக்குப் பேசியதில் பாதியைக் காலையிலும் மீதியை இறக்கிவிடும்போதும் கொடுப்பது இங்கே வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அவரையும் கூட உட்காரவையுங்கள், தனியாக அனுப்பாதீர்கள். காற்றினால் படகு ரத்தாகி நாள் சுருங்கினாலும் பேசிய வண்டிக் கூலியைக் குறைக்கப் பேரம் பேச வேண்டாம். "இன்னைக்குப் போக வேண்டாம்ணே" என்று உண்மையைச் சொன்னதற்குத்தானே அவரைப் பிடித்தோம்.